மெட்டுக்கடையில் வைத்த கிளாஸ்

அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள். என் தங்கச்சி ரோசம்மா, நிறைமாதம், கம்பில் கட்டிய தூளியில். அவள் புருஷன் சவரி, கம்பின் முன்தலையில். பின்தலையில் நான். தூளிக்கு ஒரு பக்கம் ஞானம் சித்தி, எங்கள் லயத்து வீடுகளில் பிரசவமெல்லாம் பார்க்கிறவர். மறுபக்கம் தங்கவேல். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு எங்கள் ஏலத்தோட்டத்துக்கு வந்தவர். வலது கை விளங்காது. குடை பிடிக்க வந்தார்.

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

எழுபதுகளில் ஒரு ஆடி மாதம். மழையில் தோட்டத்து ரோடு போய்விட்டது, அங்கே ஜீப் வராது. ரோசம்மாவுக்கு முந்தின நாளே வலி கண்டு, பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது.

"என் கையை மீறிப் போச்சு. கம்பம்மெட்டுக்குக் கொண்டு போனா ஜீப் பிடிச்சுக் கம்பம் ஆஸ்பத்திரிக்கு இறக்கிரலாம். நடுவுல கீழ வைக்காதீக, வச்சா திரும்பத் தூக்க மாட்டீக" என்றார் சித்தி.

கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கினோம்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. பட்டப்பகல், ஆனால் சவரி தெரியவில்லை, தூளியே தெரியவில்லை, எங்கிருந்தோ ஒரு கம்பு வந்து என் தோளில் முடிகிறது, அவ்வளவுதான். பனியில் நடந்தால் வரிசையாகக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். சவரி 'ஓய்' என்பான், பிறகு சித்தி, தங்கவேல், கடைசியில் நான். ஒரு குரல் விட்டுப்போனால் எல்லாரும் நின்றுவிட வேண்டும்.

தோள் உரிந்து சட்டையோடு ஒட்டிவிட்டது. "தோள் போச்சு" என்றேன். நான் அப்படிச் சொல்கிறவன் இல்லை.

"வலி இருக்கு அண்ணே, சரி" என்றார் தங்கவேல். "வலிக்கிற ஆளு எங்கேன்னு தேடிப் பாருங்க. கிடைக்க மாட்டான். எனக்குக் கை போனப்ப சிலோன்ல ஒரு புத்த சாமியார் சொன்னது. பார்க்கிறது இருக்கு, கேக்கிறது இருக்கு, பார்க்கிறவன்னு தனியா ஒருத்தன் இல்லையாம்."

முன்னாலிருந்து சவரி கேட்டான். "அப்ப பின்தலையைத் தூக்கிட்டு வர்றது யாரு? மச்சான், இருக்கீகளா?"

"நடங்க மாப்ளே."

"வாயை மூடிட்டு நடங்கடா, புள்ள துடிக்குது" என்றார் சித்தி.

இறக்கக் கூடாது. வேறு வழியில்லாமல் அந்த ஆளைத் தேடினேன். தோளில் தேடினேன், அங்கே வலிதான் இருந்தது. காலில் தேடினேன், சேறு இருந்தது. பிறகு தேடுகிறதும் நின்றுவிட்டது. குளிர் இருந்தது, ரோசம்மாவின் முனகல் இருந்தது, காலடி இருந்தது. எதுவும் யாருடையதும் இல்லை. பயமும் இல்லை, பயப்பட ஆள் வேண்டுமே.

குரல் முறை வந்தது. மூன்று குரலும் கேட்டது. என் முறையில் வாய் திறக்கவில்லை, மாதா மேல் சத்தியம். யாரும் நிற்கவில்லை. தூளி இடது பக்கம் திரும்பியது.

மெட்டில் வந்து இறக்கியபோது சவரி சொன்னான். "பாதை பிரியிற இடத்துல நீங்க முன்னால போய் இடது பக்கமா நின்னு குரல் கொடுத்தீகளே மச்சான், நல்ல வேளை. நான் வலது பக்கம் இறங்க இருந்தேன்."

"கம்பு என் தோள்ல. நான் எப்படிய்யா முன்னால போவேன்?"

சித்தியும் குரல் முன்னாலிருந்து வந்ததாகத்தான் சொன்னார். தங்கவேலைக் கேட்டேன். "கேட்டுச்சு" என்றார்.

வலது பாதை முந்தின ராத்திரி மழையில் மலையோடு சரிந்து போயிருந்தது. எங்களுக்குத் தெரிந்தது பிறகுதான்.

ரோசம்மா பிழைத்தாள். சாயந்தரமே பெண் பிள்ளை. அவளுக்கே இப்போது பிள்ளைகள்.

குரலைக் களைப்பு என்று தள்ளிவிடலாம். டீக்கடையைத் தள்ள முடியவில்லை. ரோசம்மாவை ஜீப்பில் படுக்க வைத்துவிட்டு, டிரைவர் வருகிற வரைக்கும் நடந்து வந்த நாலு பேரும் கடை முன்னால் நின்றோம். நான்தான் கிட்ட, வெறுங்கம்பு இன்னும் தோளில். கடைக்காரச் சேட்டன், நனைந்து வந்தவர்களுக்கெல்லாம் சாயா, காசு வேண்டாம் என்றார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே பலகையில் கிளாஸ் வைத்தார்.

மூணு.