ஐந்தாவது டேட்டாபேஸ்

எங்கள் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குச் சாவியண்ணன் என்று பெயர். எந்த நோயாளியின் பதிவை யார் பார்க்கலாம் என்று திறந்துவிடுவது அவர் கையில்தான் இருந்தது. மொத்தம் ஐந்து டேட்டாபேஸ். ஐந்தும் ஐந்து காலத்தில் வாங்கியவை, ஒன்றின் பேச்சை ஒன்று கேட்காது. கடைசியில் ஐந்துக்கும் சேர்த்து ஒரே அனுமதிக் கருவி வந்தது. சிகிச்சை தருபவர் மட்டுமே பதிவைத் திறக்கலாம் என்பது விதி. அதை நிறுவும் வேலை அவர் தலையிலும் என் தலையிலும் விழுந்தது.

அந்தக் கருவி எடுத்த எடுப்பில் யாரையும் தடுக்காது. யார் எதைத் திறக்கிறார்கள் என்று முதலில் சும்மா எழுதி வைக்கும். பிறகு நாம்தான் தடுப்பை இயக்க வேண்டும். மனுஷர் நான்கில் மளமளவென்று இயக்கிவிட்டார். நர்ஸ்கள் குறிப்பெழுதும் ஐந்தாவதை மட்டும் இழுத்தடித்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம் தங்கச்சி" என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளித்துவிட்டது.

அப்படி என்னதான் சிக்கல் என்று எரிச்சலோடு அந்த ஐந்தாவதில் கருவி எழுதி வைத்திருந்த பட்டியலைத் திறந்தேன். தினமும் காலையில் ஒரே பெண்ணின் பதிவை ஒரே ஆள் படித்திருந்தார். சாவியண்ணன்! கருவியை முடுக்கிவிட்டவருக்கே, அது தன்னையும் எழுதும் என்பது மறந்துபோயிருக்கிறது.

"யாருண்ணே இது?"

"என் வீட்டுக்காரி."

மூன்று வருஷத்துக்கு முன் இதே கட்டிடத்தின் நான்காவது மாடியில்தான் அவர் மனைவி இறந்துபோனார். பிள்ளை குட்டி கிடையாது. அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கடைசி நாள் காலையில் நர்ஸ் எழுதியது: 'கணவர் எங்கே என்று நான்கு முறை கேட்டார்.'

"கீழ சர்வர் படுத்துக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. சரி பண்ணிட்டுப் போறதுக்குள்ள..."

"உங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு போட்டுக்குங்கண்ணே. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

"வேற யாரோட வீட்டுக்காரியோ இருந்தா, சம்பந்தமில்லாத ஒருத்தன் தினமும் எடுத்துப் படிக்க விடுவியா?" என்றார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்கு மனப்பாடம்தான். ஆனா இதுல பாக்கறப்ப அவ இப்பதான் கேக்கற மாதிரி இருக்கும். எழுந்து மாடிக்கு ஓடலாம்னு தோணும்" என்றார்.

அன்று மத்தியானமே தடுப்பை இயக்கினார். அனுமதி இல்லாத ஒருவர் பெயரில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. தன் பெயரையே போட்டார். மனைவியின் பதிவு எண்ணை எதையும் பார்க்காமல் தட்டினார். 'அனுமதி இல்லை' என்று வந்தது.

"சரியா வேலை செய்யுது. எழுதிக்க."

சோதனைத் தாளில், வெற்றி என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.