தலைவர் பேச்சு காதுக்கு, பால்குடம் கண்ணுக்கு

பிள்ளைகளா, உங்கள் அத்தையை எம்பிலிப்பிட்டியில் சொந்தக் கடை வைத்திருக்கிற ஆளாகத்தான் உங்களுக்குத் தெரியும். எனக்கோ அவளை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது, தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்த பழைய காம்பரா வீட்டில் டீவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி பென்டிரைவைச் செருகுகிற தங்கச்சிதான். படம் வந்ததும் வாசலில் நின்ற சனமெல்லாம் கைதட்டியது. நானும் தட்டினேன். தப்பு அங்கேதான் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அப்போது அவள் தெரணியகலை பஜாரில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை பார்த்தாள். தோட்டத்துப் பாட்டு, பேச்சு, கோயில் விசேஷம் எல்லாவற்றையும் படம் பிடித்து வாராவாரம் பாட்காஸ்டாகப் போடுவாள். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன நம்ம பொம்பளைகள். யூடியூப்பில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டேன். "அண்ணே, அவங்க நெனச்ச நேரம் போனைத் தொட விடுவாங்களா? இதுன்னா வைஃபை இருக்கிறப்ப அதுவா எறங்கிக்கும். அப்புறம் குசினியில வேலை செஞ்சிக்கிட்டே பாக்கலாம்" என்றாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர்களின் குசினி வரைக்கும் யோசித்திருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷத் திருவிழாவில் பக்கத்துக் காம்பரா அக்காவின் மகள் பால்குடம் எடுத்தாள். நேர்த்தி வைத்தது அக்கா. பிள்ளை காய்ச்சலில் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைத்தது. அதை நிறைவேற்றுவதற்குள் அக்கா குவைத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. "முழுசும் வேணாம் தங்கச்சி, என் பிள்ளை கொடத்தோட நடக்கிறதை மட்டும் காட்டிரு" என்று கேட்டிருந்தார். பிள்ளைக்குப் பக்கத்திலேயே நடந்து போனில் படம் பிடித்தது நான்.

கடையில் கல்யாண வீடியோக்களை மாற்றுகிற மாதிரியே அத்தை அதையும் ஏவிஐ ஆக்கினாள். நம்ம பக்கத்தில் ஒரு வீடியோ சரியா என்று பார்ப்பது டீவியில் செருகித்தான். டீவியில் ஓடிவிட்டது, பாட்காஸ்டிலும் ஏற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து குரல் செய்தி வந்தது. "பேரு வருது, படம் வரல. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு." டீவியில் ஓடுகிற ஏவிஐ அக்காவின் போனில் ஓடாது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பேருக்குக் கடைசியில எம்பி4ன்னு மாத்திப் போட்டுரு" என்றேன்.

"சட்டையை மாத்துனா மாமா மச்சானாயிருவாரா அண்ணே?"

ஏவிஐயிலிருந்து திரும்ப மாற்றினால் படம் இன்னும் கலங்கிவிடும் என்று, என் போனில் இருந்த முதல் படத்தையே எடுத்து எம்பி4 ஆக்கினாள். அது எந்தப் போனிலும் ஓடும். ஆனால் ஃபைலின் பாரம் கூடிப்போனது. குவைத்தில் இறங்கி முடியாது. "நங்கி, பொடி கரன்ன" என்று கடை முதலாளி சிங்களத்தில் படத்தைச் சின்னதாக்கச் சொன்னார். செய்து பார்த்தாள். "பிள்ளை மொகம் மாவு பூசுன மாதிரி இருக்கு. வேணாம்" என்று அழித்துவிட்டாள்.

பாரத்தில் பாதி, திருவிழாவில் கோயில் தலைவர் பேசிய பேச்சு. ஒரு வார்த்தை வெட்டக்கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அத்தை ஒரு வார்த்தையும் வெட்டவில்லை. பேச்சைப் படம் இல்லாமல், குரலை மட்டும் எம்பி3யில் எடுத்துத் தனியாகப் போட்டாள். மிச்சமான இடம் முழுவதையும் பால்குடத்துக்குக் கொடுத்தாள்.

தலைவர் கடைக்கே வந்துவிட்டார். "என்னம்மா, என் மொகத்தையே காணோம்?"

"உங்க மொகம் எல்லாருக்கும் தெரியும் தலைவரே. பேச்சுதான் கேக்கணும்."

அவருக்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஒரு போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவின் குரல் வந்தது. பின்னால் தண்ணீர்க் குழாய்ச் சத்தம். "பாத்துட்டேன் தங்கச்சி. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். தார் ரோட்டுல வெறுங்காலோட நடக்குது, விரலை மடக்கி மடக்கி வைக்குது. ரோடு ரொம்பச் சுட்டிருக்குமோ?"

கூடவே நடந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. உங்கள் அத்தை போனைக் கீழே வைத்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் அவள் சொன்னது இதுதான்: "விரல் வரைக்கும் தெரிஞ்சிருக்கு அண்ணே."

அதைச் சொன்ன அந்த முகத்தை உங்களுக்குக் காட்ட என்னிடம் படம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு வேலையை எப்போது முடிந்தது என்று சொல்லலாம் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வெட்டிய ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நல்ல வெயில். ரோட்டில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை நடந்த இடத்திலிருந்து கோயில் வாசல் வரைக்கும் நடந்தேன்.

சுட்டது.