சித்தி பிரித்துக் கொடுத்த சொத்து

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு, சித்தி எங்கள் மூவரையும் ஜீப்பில் ஏற்றி மலையிலிருந்து செங்கத்துக்கு, வக்கீலின் அறைக்குக் கூட்டிப் போனாள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அறைதான். வக்கீல் உயிலைப் படித்து முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார். மறுபடியும் படிக்கச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எந்த இடம் புரியவில்லை என்று கேட்டார். எல்லாம் புரிந்துவிட்டது, இன்னும் மனப்பாடம் ஆகவில்லை என்றாள் சித்தி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அவளுடைய தங்கையான சித்தி எங்களுக்குச் சோறாக்கிப் போட வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். அவள் யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் அதைப் பற்றிக் கொஞ்ச காலம் பேசிப் பார்த்து, சுவாரசியம் இல்லாமல் விட்டுவிட்டது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, சாமை விளையும் நிலம், புளியமரங்கள் நிற்கும் சரிவு எல்லாம் எங்கள் மூவருக்கு என்று உயிலில் இருந்தது. தம்பிக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை சித்திதான் டிரஸ்டி. வருமானத்தை எங்கள் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அவள் செலவழிக்கலாம். வயது வந்ததும் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்பதும், விற்றுப் பங்கிடுவதா அப்படியே கொடுப்பதா என்பதும் அவள் இஷ்டம். இவ்வளவு அதிகாரத்தையும் யோசித்து யோசித்து எழுதிய அப்பா, சித்திக்கென்று ஒரு வரி எழுதவில்லை. அவள் எங்கே போகப் போகிறாள் என்று நினைத்திருப்பார். ஆண்கள் உயில் எழுதும் லட்சணம் அது.

வக்கீலுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். "இவங்க மூணு பேருக்கும் எப்படி வேணும்னாலும் பிரிச்சுக் குடுங்கம்மா. உங்க பேருக்கு மட்டும் ஒரு கைப்பிடி மண்ணுகூட எழுதிக்க முடியாது" என்றார். சித்தி தலையாட்டினாள். அது மட்டும் ஒரே தடவையில் மனப்பாடம் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு ஊரில் அவளுக்கு 'டிரஸ்டியம்மா' என்று பேர் விழுந்தது. பாதி கிண்டல், பாதி மரியாதை. அண்ணன் ஒரு வேன் வாங்க ஆசைப்பட்டு, தன் பங்கை மட்டும் முன்னாலேயே கேட்டான். சித்தி செங்கம் போய் விசாரித்துவிட்டு வந்து, படிப்புக்குச் செலவு பண்ணத்தான் தனக்கு அதிகாரம், நிலத்தை முன்கூட்டியே எடுத்துக் கொடுக்க இல்லை என்றாள். அண்ணன் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். உறவுக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். சொத்தைக் கொடுத்துவிட்டால் அவளுக்கு இருக்க இடமில்லை, அதனால் ஏதாவது சாக்குச் சொல்லி இழுத்தடிப்பாள் என்றார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். எனக்கும் ஒரு பயம் இருந்தது. ஆனால் என் பயம், அவள் இழுத்தடிக்க மாட்டாளோ என்பது.

அவள் இழுத்தடிக்கவில்லை. தம்பிக்கு வயது நிறைந்த வருஷம் புளி உலுக்கி முடிந்ததும் மூவரையும் வரச்சொன்னாள். அண்ணனுக்கு நிலம், எனக்குப் புளியஞ்சரிவு, தம்பிக்கு வீடு. எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பங்கில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், கொடுத்தவர் தானாக அதில் கால் வைக்கமாட்டார். வாங்கியவர் வாய் திறந்து ஒரு தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டால் பிறகு எப்போதும் போகலாம், வரலாம். சரிவை எனக்குக் காட்டிக் கொடுத்த அன்று சித்தி எல்லைக்கல்லுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் சிரித்துக்கொண்டே "வா சித்தி" என்றேன். வந்தாள். அண்ணனும் நிலத்துக்குக் கூப்பிட்டான். வீட்டுக்கு மட்டும் அது நடக்கவில்லை. பத்திரம் பதிந்து முடியும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. தம்பி ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவனுக்கு அங்கே கம்பெனி வேலை. வீட்டுச் சாவியைச் செங்கம் பஸ் ஸ்டாண்டிலேயே அவன் கையில் கொடுத்தாள். சோறாக்குகிறவளை அவள் சமையலறைக்கே வா என்று கூப்பிட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றே அவள் நெல்லிவாசல்நாட்டில் இருந்த தாய்மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். தன் அண்ணனைப் பார்க்கப் போயிருக்கிறாள், நாலு நாளில் வந்துவிடுவாள் என்று இருந்தோம். மழைக்காலம் வந்தது, அவள் வரவில்லை. உறவுக்காரர்கள், பிள்ளைகள் விரட்டிவிட்டார்கள் என்று இப்போது கதையை மாற்றினார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல்தான் அதிகமாக வந்தது. வக்கீலிடம் போனோம். டிரஸ்டியாக அவள் தனக்கு எழுதிக்கொள்ள முடியாது, ஆனால் இப்போது சொத்து உங்களுடையது, நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். தம்பியின் பெயரில் ஒரு பத்திரம் தயாரித்தார். சித்தி தன் ஆயுள் முழுவதும் எந்த இடையூறும் இல்லாமல் அந்த வீட்டில் குடியிருக்க உரிமை உள்ளவள்.

பஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் போய், கூட்டு ஜீப்பில் கால் மரத்துப்போய் இறங்கினோம். சித்தி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நலம் விசாரித்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். நான் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. இதுல வூட்டுக்கு வான்னு எங்க எழுதியிருக்குது?"

அண்ணன் என் கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்தான். தேடினால் கிடைக்கும் என்று நினைத்தானோ என்னவோ. தம்பிக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் எழுந்து நின்றான்.

"வா சித்தி. நம்ம வூட்டுக்குப் போலாம்."

சரி என்றாள். துணிமணி எடுத்து வைக்க நேரமாகும், அதற்குள் மாமாவோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று நான் உட்கார்ந்தேன். உள்ளே போனவள் போன வேகத்தில் பையோடு வந்தாள். இங்கே வந்த நாளிலிருந்து அந்தப் பையை அவள் அவிழ்க்கவே இல்லை என்று மாமா சொன்னார்.