தர்ப்பை நுனியில் போன காபி

அடையாறில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காபிக் கடைக்கு என் மகள் போன ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனாள். சுவர் முழுக்கச் செடி. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. கல்லாவில் இருந்த பெண் என் நரையைப் பார்த்துவிட்டுக் குரலைச் சற்று உயர்த்தி, "ஆன்ட்டி, இங்க எல்லாமே வீகன். பால், தயிர், நெய் எதுவும் கெடையாது. உங்களுக்குப் பழக்கம் இருக்காது, மொதல்ல கொஞ்சம் டேஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று ஒரு சின்னக் கோப்பையை நீட்டினாள். தேங்காய்ப் பாலில் கலந்த காபி. மேலே எண்ணெய் மினுமினுப்பு, அந்த இலேசான கொப்பரை வாசனை. ஒரு வாய் குடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் பாவம், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முகம் சுருங்கிப் போனாள். அவளிடம் எப்படிச் சொல்வது? இதே காபியை, இதைவிட மட்டமாக, தொண்ணூறுகளிலேயே மயிலாப்பூரில் என் அம்மா போட்டுப் பார்த்துச் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள். வீகன் என்ற பேர்தான் அப்போது தெரியாது. எங்கள் வீட்டில் அதற்கு 'உங்கப்பா கயையிலே பண்ணின காரியம்' என்று பேர்.

அப்பா தலைமைச் செயலகத்தில் இருந்தவர். அரசு உத்தரவுகளுக்கு வரைவு எழுதுவது அவர் வேலை. ஓய்வு பெற்ற வருஷம் ஐப்பசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு காசிக்குக் கிளம்பினார். துணைக்கு அத்தையும் அத்திம்பேரும். அப்பாவுக்கும் அத்திம்பேருக்கும் முப்பது வருஷத்துப் போட்டி. எதில் என்று கேட்காதீர்கள். வெயில் அடித்தால் யாருக்கு அதிகம் வியர்க்கிறது என்பதில்கூட.

காசிக்குப் போகிறவர்கள் கயைக்கும் போவார்கள். அங்கே சிராத்தம் முடிந்ததும் ஓர் ஆலமரத்தடியில், தனக்குப் பிடித்த ஒரு காய், ஒரு பழம் என்று விட்டுவிட வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் தொடக் கூடாது. பிடித்ததை என்பது சாஸ்திரம். நம் ஜனங்கள் கெட்டிக்காரர்கள், எதை விட்டால் கஷ்டமில்லை என்று யோசித்து வைத்துக்கொண்டுதான் ரயிலே ஏறுவார்கள். மயிலாப்பூரில் விசாரித்துப் பாருங்கள், காசிக்குப் போய் வந்தவர்களில் பாதிப் பேர் கொத்தவரங்காயை விட்டிருப்பார்கள். கத்தரிக்காயை விட்டவரை நான் பார்த்ததே இல்லை.

அத்திம்பேரும் கொத்தவரங்காயைத்தான் விட்டார். கூடவே விளாம்பழம். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "பிடிக்காததை விடறதுக்குக் கயை வரைக்கும் எதுக்கு வரணும்?" என்றாராம். சொன்ன வேகத்தில் தன் முறை வந்ததும், பாலை விட்டேன் என்று உரக்கச் சொல்லிவிட்டார். பழைய வேலை விட்டுப் போகுமா? ஓட்டை எதுவும் இருக்கக் கூடாதென்று பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று ஐந்தையும் வரிசையாகச் சொல்லி அடைத்திருக்கிறார்.

இதில் அம்மா எங்கே வந்தாள் என்று கேட்பீர்கள். இந்த மாதிரி சங்கற்பம் செய்யும்போது மனைவி பின்னால் நின்று தர்ப்பையால் கணவனின் தோளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர் செய்வது அவளுக்கும் சேர்த்துத்தான் என்பது அதற்கு அர்த்தம். அம்மா தொட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை கேட்காமல், அவர் வாயால் அவள் காபியும் போய்விட்டது.

அம்மாவின் காபியைப் பற்றிச் சொன்னால்தான் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். காலைக் காபியை அவள் நின்றுகொண்டே, அடுப்பையும் எங்களையும் பார்த்தபடி குடிப்பாள். அது கணக்கில் சேர்த்தியில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்த பிறகு, கொல்லைப்படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடிப்பாள் பாருங்கள், அதுதான் காபி. அந்த இருபது நிமிஷம் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால், "ஆத்துல யாரும் இல்லை" என்று அவளே பதில் சொல்வாள். விடிந்ததிலிருந்து படுக்கப் போகும் வரை அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஊரிலிருந்து வந்த மறுநாளே மாதப் பால் கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, தி.நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நானும் பால் பூத் வரை கூடவே போனேன். பூத்காரர் கார்டை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இன்னாமா, ஊர்ல அவனவன் கார்டு கெடிக்கலன்னு அலஞ்சிக்கினு கீறான், நீ திருப்பிக் குட்க்கிற. ஊட்ல எதுனா கெட்டது நடந்துச்சா?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா, கயையிலே" என்றாள் அம்மா.

அப்பாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ராத்திரி சாப்பிட்ட கையோடு, "நான்தானே விட்டேன், நீ பாட்டுக்குக் குடியேன்" என்று மெல்ல ஆரம்பித்தார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டே, "விடறப்போ என்னைக் கேட்டுண்டா விட்டேள்? இப்போ குடின்னு மட்டும் என்ன உத்தரவு?" என்றாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அம்மா சண்டை போடுகிறவள் இல்லை. சமைக்கிறவள். அந்த ஐந்து மாதம் அவள் சமைத்த சமையலை நினைத்தால் இப்போதும் வாயில் ஜலம் ஊறுகிறது, கூடவே வயிற்றில் கொஞ்சம் பயமும். நெய் இல்லாத பருப்புக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி, சீரகம் பொரித்து ஊற்றுவாள். மணத்தக்காளி வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். கீரை மசியலில் தேங்காயும் ஒரே ஒரு காய்ந்த மிளகாயும். வாழைப்பூவை உட்கார்ந்து நரம்பெடுத்துப் பருப்பு உசிலி. அப்பாவுக்குத் தயிர் சாதம் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்பதால், முந்தின நாள் சாதத்தில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்து, காலையில் உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டுக் கரைத்து, நார்த்தங்காய்த் துண்டோடு வைத்தாள். அது தயிர் சாதத்தின் பெரியம்மா மாதிரி இருந்தது. அப்பா உறிஞ்சிக் குடித்துவிட்டு, பாராட்டவும் தைரியமில்லாமல் குறை சொல்லவும் வழியில்லாமல், ஏப்பம் மட்டும் விட்டார்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்த விரதமும் இல்லை. ஆபீஸ் கேன்டீனில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று காபி குடித்துக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் புளியோதரை, எலுமிச்சை சாதம், எள்ளு சாதம். கேன்டீனில் ஒரு கப் தயிர் வாங்கிச் சேர்த்துக்கொள்வேன். வாசனை தெரியக் கூடாதென்று பஸ்ஸில் வரும்போது ஏலக்காய் மெல்லுவேன். ஒரு மாதம் கழித்து அம்மா, "ஆத்துல ஏலக்காய் வாங்கி நாளாச்சு, ஓம்மேல மட்டும் எப்படிடி மணக்கறது?" என்றாள். நான் முழித்த முழிக்கு, "குடிச்சா குடிச்சுட்டுப் போ, ஏலக்காயையாவது மிச்சம் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொங்கல் வந்தது. வழக்கமாகப் பானையில் பால்தான் முதலில் பொங்கும். அம்மா தேங்காய்ப் பாலை ஊற்றினாள். அது பொங்குவதற்குப் பதிலாகத் திரிந்து, திரி திரியாக நின்றது. நாங்கள் மூன்று பேரும் பானையைச் சுற்றி நின்றுகொண்டு, எந்த நேரத்தில் 'பொங்கலோ பொங்கல்' சொல்வது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி, அது நுரைத்து வந்தபோது அப்பா சன்னமான குரலில் சொன்னார். காபியிலும் தேங்காய்ப் பாலை விட்டுப் பார்த்தது அந்த வாரம்தான். ஒரு வாய் குடித்துவிட்டுக் கொட்டியவள், அப்புறம் மூன்று மணிக்குக் கொல்லைப்படியில் போய் உட்காருவதையே நிறுத்திவிட்டாள். அந்த நேரத்தில் அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

அப்பா ரகசியமாக எங்கள் சாஸ்திரிகளைப் போய்ப் பார்த்தார். ஏதாவது பரிகாரம், விலக்கு என்று கேட்டிருக்கிறார். "என்ன சொல்லி விட்டேள்?" என்று அவர் கேட்க, அப்பா ஐந்தையும் ஒப்பித்திருக்கிறார். "இவ்வளவு விவரமா யாராவது விடுவாளோ? எனக்கு நுழையறதுக்கு இடமே வைக்கலையே ஓய்" என்று சாஸ்திரிகள் கையை விரித்துவிட்டார்.

எங்கள் வீட்டு மாடியில் பிலோமினா டீச்சர் குடியிருந்தார். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. தவக்காலம் தொடங்கியதும் அந்த வருஷம் மீன், கறியோடு பாலையும் காபியையும் சேர்த்து விட்டிருந்தார். என்ன சமைப்பதென்று தெரியாமல் அம்மாவிடம் வந்தார். அப்புறம் தினமும் ஒரு கிண்ணம் மாடிக்குப் போனது. இரண்டாவது வாரம் டீச்சர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், "மாமி, இது சரியில்ல. நோன்புன்னு பேரு, ஒங்க வாழப்பூவச் சாப்பிட்டா கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இதையும் சொல்லணும் போல" என்றார். அம்மா அன்றைக்கு நன்றாகச் சிரித்தாள். டீச்சரும் சிரித்துக்கொண்டே, "எங்களுக்காவது ஈஸ்டர் வந்தா முடிஞ்சிடும். ஒங்களுக்கு எப்ப மாமி முடியும்?" என்று கேட்டார்.

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "எங்களுக்கு ஈஸ்டரே கெடையாது டீச்சர்" என்றாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா அதற்கப்புறம் வெகு நேரம் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் மாடியிலிருந்து காபி வாசனை இறங்கி வந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு டீச்சர் போடும் முதல் காபி. அம்மா அரிசி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரை மணியில் ஒரு பால் பாக்கெட்டும் லஸ் முனையில் அரைத்த நூறு கிராம் காபிப் பொடியுமாகத் திரும்பி வந்து நேரே சமையலறைக்குள் நுழைந்தார். அதற்கு முன்னால் அவர் அங்கே தண்ணீர் குடிக்கத்தான் போய்ப் பார்த்திருக்கிறேன். பரண் மேலிருந்து ஃபில்டரை எடுத்துக் கொடுத்தது மட்டும் நான். உள்ளே என்னென்னவோ விழுந்தன. அம்மா எழுந்து போகவில்லை.

டம்ளரைப் புறங்கையெல்லாம் சிந்தக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "அங்கே சொன்னது என் வாய்தான். அது என்னை மட்டும்தான் கட்டும், உன்னைக் கட்டாது. உன்னைக் கேக்காம உன்னையும் சேர்த்தது தப்பு" என்றார். தப்பு என்ற வார்த்தையை அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா ஒரு வாய் குடித்தாள். "பால் அடிப்பிடிச்சிருக்கு. டிகாக்‌ஷன் தண்ணி. சக்கரையே போடலை" என்றாள். சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்படிக்குப் போய் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

அப்பா தன் விரதத்தைக் கடைசி வரை விடவில்லை. வீட்டுச் சமையலும் அவருக்காகப் பாலில்லாமலேயே நடந்தது. மூன்று மணிக் காபி மட்டும் அம்மாவுக்குத் திரும்பி வந்தது. ஆனால் அப்பாவுக்குப் புதிதாக ஒரு வியாதி வந்துவிட்டது. எதையும் அம்மாவைக் கேட்காமல் செய்வதில்லை. மாட வீதிக்குக் காய் வாங்கப் போவார். அவரைக்காய் பிஞ்சாக இருந்தால் அங்கேயே வாங்க மாட்டார். முக்கில் இருந்த காசு போடும் போனில் ஒரு ரூபாய் போட்டு டீச்சர் வீட்டைக் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. டீச்சர் மாடியிலிருந்து, "மாமி, சார் லைன்ல இருக்காரு, அவரைக்காயாம்" என்று குரல் கொடுப்பார். அம்மா தலையில் அடித்துக்கொண்டே மாடியேறிப் போய், "வாங்கித் தொலையுங்கோ" என்று சொல்லிவிட்டு வருவாள். காய்க்காரம்மா ஒரு நாள், "இன்னா சாமி, அரைக்கிலோ அவரைக்கு ஊட்ல பர்மிசன் கேட்டுக்கினு கீற?" என்றாளாம். "ஒரு தடவை கேக்காம விட்டுட்டேன்மா, சரியாறதுக்கு அஞ்சு மாசம் ஆச்சு" என்று அப்பா சொன்னாராம். இதை அவரே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். நாளைக்கு மூன்று முறைகூட மணி அடிக்கும். டீச்சர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இப்போது அந்த வீடு இல்லை, நாலு மாடிக் குடியிருப்பாகிவிட்டது. பால் கார்டு இல்லை, காசு போடும் போன் இல்லை. டீச்சர் மகனோடு பெங்களூர் போய்விட்டார். அப்பா தவறியது தொண்ணூற்றெட்டில். அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல், மாடியில் போன் மணி அடித்தால் அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியடியில் வந்து நிற்பாள். டீச்சர் எட்டிப் பார்த்து, "எனக்குத்தான் மாமி" என்பார். "தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.