சுவருக்கு அந்தப் பக்கம்

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் திருவாதவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கிறிஸ்தவ உபதேசியார். யாரும் ஜெபவீட்டுக்குள் போகக் கூடாது என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு வைத்தது. அவர் விடவில்லை. தினமும் சாயங்காலம் மணியடித்து, என் ஒருத்திக்குத் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்வார்.

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. எதுக்கு இம்புட்டுச் சத்தம்?” என்பேன்.

“வெளிய யாராச்சும் கேப்பாக.”

“ஆமா, ஆடு மாடு கேக்கும்.”

காய்ச்சலில் சாகும்போது, “நீ சொன்னதுதான் சரி. யாரும் கேக்கல” என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள், ஊரை விட்டுக் கிளம்புமுன் கடைசியாக மணியடித்தேன். சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“உபதேசியாரம்மா, இன்னைக்கு நீங்க பேசுங்க. உள்ளதான வரக் கூடாது? எப்பவும் போல வெளியதான் உக்காந்திருக்கோம்.”

நான் கிளம்பவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாதவள், அவர் சொன்னதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னேன். அவரைவிடச் சத்தமாகச் சொன்னேன். அவருக்கும் கேட்க வேண்டுமே.