இரண்டாவது கியர்

தேக்கா சிக்னலில் எனக்கு முன்னால் கிளம்பிய பழைய வேன், இரண்டாவது கியர் விழாமல் கறகறவென்று அரைத்துக்கொண்டு நின்றது. அந்தச் சத்தத்தில் அப்பாவின் வேன் நினைவுக்கு வந்துவிட்டது.

குவீன்ஸ்டவுன் கடைகளுக்குக் காய்கறி போட்ட அப்பாவிடம் எல்லா வண்டிக்கும் ஒரு தீர்ப்பு இருக்கும். “ஆட்டோ கியரெல்லாம் ஓட்டுறதா? சும்மா உட்கார்ந்துட்டுப் போறது லா,” என்பார். பள்ளி விடுமுறையில் பக்கத்து இருக்கையில், ஈரக் கொத்தமல்லி வாசத்துக்கு நடுவே நானும் தலையாட்டுவேன்.

வேனின் பத்தாண்டு உரிமம் முடிந்தது. புதுப்பிக்கப் பணமில்லை; உரிமம் போனால் இந்த ஊரில் வண்டி சாலையில் ஓடக் கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை, உடைக்கிற யார்டுக்கு அப்பாவே ஓட்டிப்போனார். நானும் போனேன். சாவியை வாங்கிய ஊழியரிடம், “செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் தம்பி. கிளட்ச்ச மெதுவா விடுங்க,” என்றார்.

அந்த ஊழியர் திரும்பி, நசுக்கும் இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு, “சரிண்ணே, பாத்து ஓட்டுறேன்,” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ் டிரைவர் வெடுக் வெடுக்கென்று பிரேக் போட்டார். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை.

முன்னால் வேன் இன்னும் திணறுகிறது. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். என் இடது கை தானாகக் கீழே இறங்கிக் கியரைத் தேடுகிறது. என் மின்சாரக் காரில் அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில்தான் இருக்கிறது.