இரண்டு விரலுக்கு ஒரு பிரேக்

அதியமான்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையில் அவரைப் பார்த்தேன். ஏரியூர்ப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர் என்று கடைக்காரர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். சுடிதார், தலையில் தொப்பி. வலது கையில் இரண்டே விரல்கள்.

என் மலை சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் மாற்ற நான் போயிருந்தேன். அவரும் அதற்குத்தான் வந்திருந்தார். கடையில் நின்ற ஒவ்வொரு சைக்கிளின் பிரேக்கையும், கண்ணை மூடிக்கொண்டு, அந்த இரண்டு விரல்களால் இழுத்துப் பார்த்தார்.

"வயர் டிஸ்க்கே போதுங்க டீச்சர், வெல கம்மி" என்றார் கடைக்காரர்.

"இப்ப இருக்கறதும் வயர்தானுங்க. அத இழுக்க முழுக் கை வேணும். எறக்கம் வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போறேன். ஆயில் பிரேக்கே போடுங்க, அது ரெண்டு வெரலுக்கே புடிக்கும்."

நான் சும்மா இருக்காமல், "மெதுவா ஓட்டுனா வயரே நிக்குமேங்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "மெதுவாப் போறதுக்கு டவுன் பஸ் இருக்குதுங்களே. எனக்கு எறக்கத்துல வேகமாப் போவணும். நிறுத்த முடியும்னு தெரிஞ்சாத்தானே பயமில்லாம வுட முடியும்?"

பிரேக்கை மாட்டியதும் கடையை ஒட்டிய சரிவுச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். மேலிருந்து காற்றாய் வந்தவர் எங்கள் முன்னால் இரண்டு விரல்களை மடக்கினார். சைக்கிள் சத்தமில்லாமல் நின்றது. நன்றாக இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்பதற்குள், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறப் போனார்.

விரல்கள் எப்படிப் போயின என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சரிவில் அவருக்கு என்ன கிடைத்தது என்றாவது கேட்டிருக்கலாம்.